மனையில் விளையும் அன்பு

(பெருந்திருவிழாவில் அறுபத்துமூவர் திருவுலா நாளன்று நிகழ்த்திய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.

  

இன்று அறுபத்துமூவர் திருவுலா. இன்னும் சிறிது நேரத்தில் நாயன்மார்கள் கைகுவித்த கோலத்தோடு பெருமானைத் தொடர்ந்து மாடவீதியிலே எழுந்தருள்வார்கள். தந்தையின் தோள்மீது அமர்ந்து அக்காட்சியைக் காணும் சிறுவர்கள், "அவர் யார்? இவர் யார்? அவரிடம் ஏன் மழு இருக்கின்றது?" என்று கேட்டுத் துளைப்பார்கள். விடை கூறும் பெற்றோரும் உளர். "பேசாமல் கும்பிடு" என்று அடக்கும் பெற்றோரும் உளர். கூற விரும்பியும் வரலாறு அறியாமையால் வாளா இருப்போரே மிகுதி போலும்.

விழாக் குழுவினர் அடியேனுக்கு வகுத்தளித்த பொருள், சிறு குழந்தைகட்கு இல்லத்திலே அன்பையும் இரக்கத்தையும் பழக்குவது எவ்வாறு என்பது. நாயன்மார் திருநாளிலே இப்பொருளை வைத்தமை மிகவும் பொருந்தும். சேக்கிழார் பெருமான் அருளிய திருத்தொண்டர் புராணத்தைத் திருமுறை என்று போற்றிப் பட்டுத் துணியிலே சுற்றிப் பூசையறையில் வைத்திருக்கின்றோம். திறந்து பார்த்தால் அஃது ஒருவகையில் வீட்டு நூலாகவும் இருக்கின்றது. அடுப்பும் உலையும், விதைநெல்லும் வாழையிலையும், தாயும் தமக்கையும், பசுவும் கன்றும் நிறைந்த நூல் அது.

பழக்குவது என்ற சொல்லை அடியேன் வேண்டுமென்றே கூறினேன். நீந்தக் கற்பவனுக்குக் கரையிலே நின்று விரிவுரை ஆற்றிப் பயன் என்ன? நீரில் இறங்கிக் கையைப் பிடித்துக்கொண்டால் அன்றோ அவன் நீந்துவான்? ஐந்து வயதுக் குழந்தையை நோக்கி, "அன்பாக இரு" என்றால் அதற்கு ஒன்றும் விளங்குவதில்லை. "இந்தக் கீரையைக் கொண்டுபோய்ப் பசுவுக்குக் கொடு" என்றால் விளங்குகின்றது. கொடுத்த பின் பசுவின் நாக்கு உள்ளங்கையைத் தீண்டும்போது, நாம் எந்தச் சொல்லாலும் உணர்த்த இயலாத ஒன்றை அஃது உணர்ந்துகொள்கின்றது.

திருமூலதேவ நாயனார் இதனை நன்கு அறிந்தவர். திருமந்திரம் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களால் ஆகிய பெருநூல், பத்தாந் திருமுறை. யோகத்தின் நுட்பங்களும் ஞானத்தின் முடிபுகளும் அதில் உள்ளன. கற்றறிந்தோரும் இடர்ப்படும் பகுதிகள் பல. அத்தகைய நூலின் முதல் தந்திரத்திலே, அறம் செய்யும் திறத்தைச் சொல்ல வந்த இடத்தில், அவர் மிக எளிய நான்கு செயல்களையே காட்டுகின்றார். வழிபாட்டுக்கு ஓர் இலை. மாட்டுக்கு ஒரு வாய்த் தீனி. தாம் உண்ணப் புகும்போது பிறர்க்கென எடுத்துவைக்கும் சிறிது சோறு. பிறரோடு இனிய பேச்சு. இவை எவராலும் இயலும் என்பதே அவர் கருத்து. செல்வர்க்கு ஒன்று, வறியவர்க்கு ஒன்று என அவர் பிரித்துக் கூறவில்லை. எவராலும் என்னுமிடத்தில் நான்கு வயதுக் குழந்தையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அடியேனுக்குத் தோன்றுகின்றது.

இலையைப் பற்றி நெடிது கூற வேண்டுவதில்லை. கோயிலுக்குப் புறப்படும்போது கடையில் வாங்கிய மாலையைப் பெரியவர் சுமக்கின்றார். குழந்தை வெறுங்கையோடு வருகின்றது. வீட்டுத் தொட்டியிலே ஒரு தும்பைச் செடியை வைத்து, நாள்தோறும் குழந்தையே அதற்கு நீர் வார்க்கட்டும். அரும்பை விட்டு மலரை மட்டும் பறிக்கவும், வேர் அசையாதபடி ஒரு கையால் தண்டைப் பற்றிக்கொள்ளவும் சொல்லிக் கொடுங்கள். செடிக்கு நோகுமே என்று எண்ணும் விரல், பின்னர் எந்த உயிரையும் எளிதில் நோகச் செய்யாது.

இனி, பசு. இங்கே நாம் சற்று நின்று நோக்க வேண்டும். மழு ஏந்திய அடியார் யார் என்னும் குழந்தையின் வினாவுக்கு விடையும் இங்கேதான் இருக்கின்றது.

சோழநாட்டிலே மண்ணியாற்றங்கரையில் திருச்சேய்ஞலூர் என்பது ஓர் ஊர். அங்கே எச்சதத்தனுக்கும் பவித்திரைக்கும் மகனாகத் தோன்றியவர் விசாரசருமர். ஏழாம் வயதிலே உபநயனம் நிகழ்ந்தது. ஒருநாள் உடன் பயிலும் சிறுவர்களோடு செல்லும்போது, ஊர்ப் பசுக்களை மேய்ப்பவன் ஓட்டிச் செல்வதைக் கண்டார். இளம் பசு ஒன்று அவனை முட்டப் போயிற்று. அவன் கோலால் அதனை அடித்தான். இது நாள்தோறும் தெருவிலே நிகழும் செயல். மற்றவர் கண்ணுக்கு ஒரு பொருளாகத் தோன்றாத செயல். அப்பிள்ளையின் உள்ளம் பொறுக்கவில்லை. அடித்தவனைத் தடுத்தார், பசுவின் பெருமையை அவனுக்கு எடுத்துரைத்தார். அவ்வளவோடு நின்றிருந்தால் அவர் நல்ல பேச்சாளராக மட்டும் இருந்திருப்பார். "இனி நானே இவற்றை மேய்க்கின்றேன்" என்று அப்பணியைத் தாமே மேற்கொண்டார். புல் மிகுந்த இடத்துக்கு ஓட்டிச் சென்றார். வெயில் ஏறியபோது நிழலிலே தங்கச் செய்தார். நல்ல நீர்த்துறை கண்டு நீர் அருந்தச் செய்தார். பசுக்கள் தம் கன்றினும் அவரை விரும்பி நெருங்கின. பாலும் பெருகிற்று என்று சேக்கிழார் கூறுகின்றார்.

அவ்வரலாற்றின் பிற்பகுதி, அவர் தந்தையின் காலைத் துணிக்க நேர்ந்ததும் பெருமான் தம் கொன்றைமாலையைச் சூட்டிச் சண்டேசர் என்னும் பதவி அருளியதும், பெரியவர்கள் சிந்திப்பதற்குரியது. பஞ்சமூர்த்திகளின் உலாவிலே இறுதியாக எழுந்தருள்பவர் அவரே. சிறு குழந்தைக்கு முற்பகுதியே போதும். "உன்னைவிடச் சற்றுப் பெரிய பிள்ளை, மாட்டை அடித்ததைக் கண்டு அவருக்குப் பொறுக்கவில்லை, தாமே மேய்க்கப் போய்விட்டார்" என்று கூறுங்கள். திருவாரூர்க் கோயிலின் அருகே கல்லினால் செய்த தேரைக் காட்டி, கன்றை இழந்த பசுவுக்காக மணியோசைக்குச் செவி சாய்த்த மனுநீதிச் சோழர் கதையைச் சொல்வதும் நன்று.

"எங்கள் வீடு அடுக்குமாடியிலே மூன்றாம் தளத்தில் இருக்கின்றது, பசுவுக்கு எங்கே போவது?" என்று நீங்கள் கேட்கலாம். பசு இல்லையாயின் காக்கை உண்டு, எறும்பு உண்டு. பச்சரிசி மாவினால் கோலம் இட்ட நம் பாட்டிமார் அழகுக்காக மட்டுமா இட்டனர்? இன்று கடையிலே விற்கும் கல்மாவுக் கோலம் வெண்மையாக இருக்கின்றது. எறும்புக்கு அதில் உணவில்லை. வெள்ளிக்கிழமை ஒன்றிலாவது அரிசிமாவை எடுத்துக் குழந்தையின் விரலால் நான்கு புள்ளி வைக்கச் செய்யுங்கள். சற்று நேரம் கழித்து எறும்புகள் வரிசையாக வந்து மாவைச் சுமந்து செல்வதை அதற்குக் காட்டுங்கள். பொங்கலுக்கு மறுநாள் பெண்மக்கள் மஞ்சள் இலையிலே வண்ணச் சோற்று உருண்டைகளைப் பறவைகட்கு வைத்து உடன்பிறந்தார் நலத்தை வேண்டும் கனுப்பிடியும் இத்தகையதே. சித்திரை வெயிலில் மாடிச் சுவரின்மேல் ஒரு மண்சட்டியில் நீர் வைத்து, அதனை நாள்தோறும் மாற்றும் பணியைக் குழந்தையிடம் ஒப்படைத்துவிடுங்கள். இடையிலே மறந்தால் நீங்கள் சென்று ஊற்றிவிடாதீர்கள். வறண்ட சட்டியின் விளிம்பிலே வந்து அமர்ந்து திரும்பிச் செல்லும் மைனாவை அதுவே காணட்டும்.

இடையே ஒரு வார்த்தை. கோயில் வாயிலிலே பசுவுக்கு அகத்திக்கீரை கொடுப்போர் சிலர் அதைப் பிளாஸ்டிக் பையோடு எறிந்துவிட்டுச் செல்கின்றனர். பையும் பசுவின் வயிற்றுக்குள் செல்கின்றது. புண்ணியத்தை அவசரமாகத் தேடினால் இவ்வாறுதான் முடியும்.

மூன்றாவது, பிறர்க்கென எடுத்துவைக்கும் சோறு. தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் பிடியரிசி என்னும் வழக்கம் நெடுநாளாக உண்டு. உலையில் இடுமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அதற்கென்று உள்ள பானையில் இடுவர். பானை நிறைந்ததும் அறச்செயலுக்குக் கொடுப்பர். அவ்வொரு பிடியைக் குழந்தையின் கையால் எடுக்கச் செய்யுங்கள். சிறு குழந்தையின் கைப்பிடியில் 20 கிராம் அரிசி இருக்கலாம். 30 நாளில் 600 கிராம். ஆறு பேர் ஒருவேளை வயிறார உண்ணலாம். மாதக் கடைசியில் குழந்தையையும் அழைத்துச் சென்று, கோயில் அன்னதானக் கூடத்திலோ முதியோர் இல்லத்திலோ அதுவே கொடுக்கும்படி செய்யுங்கள். கூடுமானால் அங்கு உண்போர் அருகிலே அமர்ந்து அதுவும் உண்ணட்டும். தட்டிலே காசை எறிந்துவிட்டு விலகுவது வேறு. ஒரே பந்தியில் அமர்வது வேறு. கொடுப்பவன் மேல், கொள்பவன் கீழ் என்னும் எண்ணம் பிஞ்சு உள்ளத்திலே வேரூன்றிவிட்டால், அக்குழந்தை பிற்காலத்தில் எவ்வளவு வாரி வழங்கினாலும் அதில் ஈரம் இராது.

மற்றொன்றும் கூற வேண்டும். முதல்நாள் மிஞ்சி ஊசிப்போகும் நிலையில் உள்ள குழம்பையும், பொத்தான் அறுந்த சட்டையையும் குழந்தையின் கையில் கொடுத்து, "வாசலில் நிற்பவருக்குக் கொடு" என்கின்றோம். நமக்கு வேண்டாததைக் கழிப்பதே ஈகை என்னும் பாடத்தை அன்று அது கற்றுக்கொள்கின்றது. கொடுப்பது ஒன்றாயினும் அது நல்லதாக இருக்கட்டும். இரண்டு சட்டையில் எதைக் கொடுக்கலாம் என்று குழந்தையையே கேளுங்கள். நல்லதை எடுத்து நீட்டினால் தடுக்காதீர்கள். பழையதை நீட்டினால் கடிந்துகொள்ளவும் வேண்டா. வற்புறுத்திப் பிடுங்கிக் கொடுத்தால் அது பறிகொடுத்த துயரத்தைத்தான் அறியும், ஈந்த மகிழ்ச்சியை அறியாது. கொடுத்தவுடன் ஊரெல்லாம் சொல்லிப் புகழ்வதும் கூடாது. புகழுக்காகக் கொடுக்கும் பழக்கத்தைப் பெரியவர்களாகிய நாம் கோயில் விளக்குகளிலும் மின்விசிறிகளிலும் பெயர் எழுதிப் போதுமான அளவுக்கு வளர்த்திருக்கின்றோம்.

திங்களூர் அப்பூதியடிகள் இல்லத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். திருநாவுக்கரசரை அவர் கண்ணால் கண்டதில்லை. கேள்வியினாலேயே அன்பு பூண்டு, தம் பிள்ளைகட்கும் பசுக்கட்கும் அளக்கும் மரக்காலுக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் அப்பெயரையே வைத்தார். வழிப்போக்கர் தாகத்துக்கு நீர் வார்க்கும் பந்தலை நாள்தோறும் கண்டு வளர்ந்தவன் மூத்த திருநாவுக்கரசு. அப்பர் பெருமான் அவ்வில்லத்துக்கே விருந்தாக எழுந்தருளியபோது, வாழைக்குருத்து அரிந்துவரும் பணி அப்பிள்ளைக்குக் கிடைத்தது. தன்னையும் ஒரு பொருளாக மதித்து இப்பணியை ஈந்தனரே என்று மகிழ்ந்து ஓடினான். தோட்டத்திலே பாம்பு தீண்டியது. நஞ்சு தலைக்கேறுமுன் இலையைச் சேர்த்துவிட வேண்டும் என்று விரைந்து வந்து, தாயின் கையில் இலையை நீட்டிய பின்னரே வீழ்ந்தான். அப்பர் சுவாமிகள் பதிகம் பாடியருள உயிர் பெற்று எழுந்தான்.

இவ்வரலாற்றைக் குழந்தைகட்குச் சொல்லத் தாய்மார் சிலர் தயங்குகின்றனர். தயங்க வேண்டா. அவர்கள் கேட்பது, "பையன் பிழைத்துவிட்டானா?" என்பதையே. பிழைத்தான் என்று உடனே சொல்லிவிடுங்கள். நாம் கவனிக்க வேண்டியது வேறு. விருந்தினர் வந்தபோது அவ்வீட்டிலே குழந்தைக்கும் ஓர் உண்மையான பணி இருந்தது. இன்று உறவினர் வந்தால், தொல்லை செய்யாதிருக்கும்பொருட்டுக் கைப்பேசியைக் கொடுத்துக் குழந்தையை உள்ளறைக்கு அனுப்பிவிடுகின்றோம். வந்தவர் முகமும் அதற்குத் தெரியாது. அதன் முகமும் வந்தவர்க்குத் தெரியாது. செம்பிலே நீர் கொண்டுவந்து இரு கையாலும் கொடுக்கட்டும். சிறிது சிந்தும், சிந்தட்டும். தாத்தாவின் கைத்தடியை எடுத்துக் கொடுக்கட்டும். இலையின் நுனி எப்பக்கம் இருக்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்து இலை போடட்டும்.

நான்காவதாகிய இனிய பேச்சே எல்லாவற்றிலும் அரிது. இதிலே குழந்தைகள் நம்மிடம் கற்பதைத் தவிர வேறு வழியில்லை. நாம் கற்பிப்பதாக எண்ணாத வேளைகளிலேயே மிகுதியும் கற்கின்றனர்.

வேறோர் ஊர்த் திருவிழாவிலே அடியேன் கண்டதைச் சொல்கின்றேன். அன்னதானப் பந்தியில் ஓர் இளந்தந்தை, தம் சிறுமகளின் கையால் முதியவர் ஒருவருக்குச் சர்க்கரைப் பொங்கல் வழங்கச் செய்தார். "தாத்தாவுக்குப் பார்த்துப் போடு அம்மா" என்று கனிவோடு கூறினார். கண்டவர் நெஞ்சு குளிர்ந்தது. சிறிது நேரம் கழித்துத் தரிசன வரிசையிலே தடுமாறித் தம் காலை மிதித்துவிட்ட ஒரு மூதாட்டியை, அதே தந்தையார் அச்சிறுமியின் கையைப் பற்றியபடியே வாயில் வந்தவாறு வைதார். அக்குழந்தை தந்தையை நிமிர்ந்து பார்த்தது. பின் அம்மூதாட்டியைப் பார்த்தது. பந்தியிலே கற்றது நிற்குமா, வரிசையிலே கற்றது நிற்குமா? இரண்டும் நிற்கும் என்றுதான் அஞ்சுகின்றேன். பந்தி என்றால் அன்பு, வரிசை என்றால் சினம். பலர் பார்த்தால் இரக்கம், நமக்கு நொந்தால் வசை என்று அது பிரித்து வைத்துக்கொள்ளும்.

வீட்டுக்குள்ளும் இவ்வாறே. பாத்திரம் துலக்க வரும் அம்மையாரைக் குழந்தை எவ்வாறு அழைக்கின்றது என்று கவனியுங்கள். பெயர் சொல்லி அழைத்தால் திருத்துங்கள். "அக்கா" என்றோ "ஆயா" என்றோ அழைக்கட்டும். திருத்துமுன் நாம் எவ்வாறு அழைக்கின்றோம் என்பதையும் எண்ணிப் பார்ப்பது நல்லது. ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்கும் பாட்டிக்குப் பத்தாம் முறையும் பொறுமையாக விடை சொன்னால், நம் முதுமைக்கும் அங்கேயே வித்து இட்டவராவோம். இதைக் கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டும் என்று அடியேன் கூறவில்லை.

உடன்பிறந்தார் பூசல் இல்லாத வீடு இல்லை. அதற்குத் திலகவதியாரை நினைத்துக்கொள்ளலாம். பெற்றோர் மறைந்தனர், மணம் பேசிய கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். உயிர்விடத் துணிந்தவர், தம்பியின் பொருட்டு அன்றோ உயிர் தாங்கினார்! அத்தம்பி வேறு நெறி புகுந்து, பல்லாண்டு பிரிந்திருந்து, சூலைநோயினால் வருந்தித் திருவதிகையிலே தமக்கையின் அடிகளில் வந்து வீழ்ந்தார். "அன்றே சொன்னேனே, கேட்டாயா?" என்று அவர் கேட்கவில்லை. திருநீற்றை எடுத்து அளித்தார். கோயிலுக்கு அழைத்துச் சென்றார். தவறு செய்து அழுதுகொண்டு வரும் பிள்ளையிடம் நாம் முதலிலே கூறுவது எது என்று ஒவ்வொரு தாயும் தந்தையும் தமக்குள் கேட்டுக்கொள்ளலாம்.

அடியைப் பற்றியும் ஒரு சொல். மேய்ப்பவனின் கோல் பசுவைப் பணிய வைத்திருக்கும். பால் பெருகியது கோல் இல்லாதவரிடத்தில். சீகாழித் திருக்குளக்கரையிலே மூன்று வயதுப் பிள்ளையின் வாயில் பால் ஒழுகக் கண்டு, தந்தை சிவபாத இருதயரும் சிறு கோலை ஓங்கினார். ஆயினும், "யார் கொடுத்தது?" என்று வினவினார், பிள்ளை சுட்டிய திசையை நோக்கினார். நம்மில் பலர் வினவுமுன்னரே அடித்துவிடுகின்றோம்; பிள்ளை எதைச் சுட்டிக் காட்ட இருந்தது என்பது நமக்குத் தெரியாமலே போய்விடுகின்றது.

இவ்வளவும் பழக்கிய பின் ஒரு நாள் வரும். அது பெற்றோர்க்குச் சோதனை நாள். பள்ளிக்குக் கொண்டுபோன புதிய குடையை, மழையில் நனைந்து சென்ற தோழனுக்குக் கொடுத்துவிட்டுப் பிள்ளை நனைந்து வந்து நிற்கும். அல்லது உண்ணக் கொடுத்த உணவை உணவு கொண்டுவராத ஒருவனுக்குக் கொடுத்துவிட்டுப் பசியோடு வரும். அல்லது தெருவில் கிடந்த நாய்க்குட்டியைச் சட்டைக்குள் பொதிந்துகொண்டு வரும். அதுவரை அக்குழந்தையின் அன்பு நமக்கு அழகாக இருந்தது; இப்பொழுதுதான் செலவாக வந்திருக்கின்றது. அப்பொழுது, "ஏமாளி, உன்னைப் பார்த்து ஊரே சிரிக்கும்" என்று சொல்லிவிட்டால், ஐந்து ஆண்டுகள் பானையில் இட்ட பிடியரிசி அத்தனையும் ஒரே சொல்லில் கொட்டிப் போகும். நாய்க்குட்டியை வீட்டிலே வைத்துக்கொள்ள இடமில்லாமல் இருக்கலாம். அதைப் பிள்ளையோடு அமர்ந்து பேசி, குட்டிக்கு ஒரு வழி தேடுங்கள். முதலில் ஒரு கிண்ணத்திலே பாலை ஊற்றுங்கள். தலையைத் துவட்டியபடி, "அந்தப் பையன் நனையாமல் வீடு சேர்ந்தானா?" என்று கேளுங்கள்.

இத்தகைய செலவை மனமொத்து ஏற்ற ஓர் இல்லம் உண்டு. மழை பெய்யும் நள்ளிரவில், அன்று பகலில் விதைத்த நெல்லையே வாரிக் கொண்டுவந்து விருந்தோம்பிய இளையான்குடி மாறனார் இல்லம். அவ்வழியை எடுத்துரைத்தவர் அவர்தம் மனைவியார். அவ்வரலாற்றை நாளை மாலை இதே மண்டபத்தில் விரிவாகக் காண்போம். இப்பொழுது புறப்பாட்டுக்கு மேளம் கேட்கின்றது. பின்வரிசையில் இருப்போர் பொறுமையாக எழுந்து, முதியவர்கட்கு வழிவிட்டு வாருங்கள். குழந்தைகளைத் தோளிலே ஏற்றிக்கொள்ளுங்கள். அவர்கள் கேட்டால் சொல்லுங்கள்.

திருச்சிற்றம்பலம்.